கேட்டறிந்த வைத்தியர்: சேர் வில்லியம் ஒஸ்லர் (1849 – 1919)

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டை எட்டியிருக்கும் இவ்வேளையில் மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, பள்ளி நினைவுகளை எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அதை எம்மைவிடச் சிறப்பாக எழுதக்கூடிய அக்காமார் பலர் இருக்கிறார்கள். எனவே எமது தொழிலில் எமக்கு வழிகாட்டியாக நின்ற ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வதென்று தீர்மானித்தோம். நாம் என்று இங்கே குறிப்பிடுவது, இக்கல்லூரியின் ஒரே வகுப்பில் இருந்து, மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் குப்பி விளக்கில் படித்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியெய்தி வைத்தியர்களான சிலரையே. எழுதும் கை ஒன்று. நினைவுகள் எல்லோருக்கும் பொது.

நாம் சொல்லப்போகின்றவர் சேர் வில்லியம் ஒஸ்லர். கனடாவின் பிரம்ரன் நகரில் வாழும் எமது சகோதரிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அங்குள்ள பெரிய வைத்தியசாலையை நடத்தும் அமைப்பு அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. பிள்ளைப்பேற்றுக்கும் பெற்றோரின் வருத்தங்களுக்கும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போனவர்கள் பலர் இருப்பீர்கள். பலகையில் இருக்கும் அந்த மனிதர் யார், மருத்துவ மாணவர்களாகிய எமக்கு அவர் ஏன் இவ்வளவு வேண்டியவரானார் என்பதே இக்கட்டுரை.

குழப்படிகாரப் பையன்

வில்லியம் ஒஸ்லர் 1849 யூலை 12 ஆம் திகதி, ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பொண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் அது காடு வெட்டிக் குடியேறியவர்களின் ஊர். தந்தையார் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்த அங்கிலிக்கன் குருவானவர். தாயார் பெயர் எலன். ஒன்பது பிள்ளைகள் பிறந்த அந்த வீட்டில் ஆண்களுள் கடைக்குட்டி வில்லியம்தான். பின்னர் குடும்பம் டண்டஸ் என்ற நகருக்கு மாறியது.

பெரிய மனிதர்களின் இளமையை எழுதுகின்றவர்கள் அவர்களைச் சிறுவயதிலேயே ஞானிகளாக்கிவிடுவது வழக்கம். வில்லியத்தின் கதை அப்படியல்ல. டண்டஸ் பள்ளியில் வகுப்பறைக்குள் வாத்துக்கூட்டத்தை அடைத்து வைத்தவர்களில் அவரும் ஒருவர். இறுதியில் ஓர் ஆசிரியரைக் கதவின் திறப்புத் துவாரத்தினூடாக ஏசியதற்காகப் பள்ளியை விட்டே நீக்கப்பட்டார். எமது வகுப்பில் எத்தனை பேர் எத்தனை தடவை அதிபரின் அறைவாசலில் நின்றிருக்கிறோம் என்று நினைக்கும்போது இந்தச் செய்தி கொஞ்சம் ஆறுதலாகவே இருக்கிறது.

அவரைத் திருப்பியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். வெஸ்ரன் என்ற இடத்தில் பாடசாலை ஒன்றைத் தொடங்கி நடத்திய வணக்கத்துக்குரிய ஜோன்சன் என்பவர், இயற்கையை ஆராய்வதில் பெரும் பிரியம் கொண்டவர். மாணவர்களை வயலுக்கும் குளத்துக்கும் கூட்டிச் சென்று, அள்ளிவந்த பாசியையும் நீரையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காட்டுவார். குழப்படிகாரப் பையன் அந்தக் கண்ணாடியில் கண்ணை வைத்தான்; அதன்பின் எடுக்கவேயில்லை. தந்தையைப் போலக் குருவானவராக வருவதென்று 1867 இல் ரொறன்ரோவின் ட்ரினிற்றி கல்லூரியில் சேர்ந்தவர், அடுத்த ஆண்டே மருத்துவத்துக்கு மாறினார். அங்கே பொவெல் என்ற வைத்தியரும், பின்னர் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பாமர் ஹவார்ட் என்ற பேராசிரியரும் அவருக்கு வாய்த்தனர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற தன் பாடநூலை இந்த மூன்று ஆசிரியர்களுக்குமே ஒஸ்லர் காணிக்கையாக்கினார். அவர்களுள் முதலாமவர் பள்ளிக்கூட ஆசிரியர் என்பதைக் கல்லூரி மலரில் பதிவுசெய்வது பொருத்தமானது.

இறந்தோரிடம் கற்றது

1872 இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் வைத்தியராகப் பட்டம் பெற்ற ஒஸ்லர் லண்டன், பேர்லின், வியன்னா ஆகிய நகரங்களில் மேலும் இரண்டு ஆண்டுகள் கற்றார். லண்டனில் இருந்த நாட்களில் குருதியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, இன்று நாம் குருதிச் சிறுதட்டுக்கள் என்று சொல்லும் நுண்துணிக்கைகளைக் கவனித்து எழுதினார். அவற்றைக் கவனித்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். டெங்குக் காலத்தில் எமது விடுதி வாசலில் நின்று பிளேற்லெற் எத்தனை என்று கேட்கும் தாய்மாருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

மக்கிலுக்குத் திரும்பி விரிவுரையாளரானபோது அவருக்கு வயது 25. பெரியம்மை விடுதியில் பணிபுரிந்து அந்த நோய்க்குத் தானும் ஆளாகி மீண்டார். அந்தப் பணிக்குக் கிடைத்த கொடுப்பனவில் மாணவர்களுக்கு நுணுக்குக்காட்டிகள் வாங்கினார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் பிரேத அறையில் இருந்தார். மொன்றியல் காலத்தில் மட்டும் எழுநூறுக்கு மேற்பட்ட பிரேத பரிசோதனைகளைச் செய்தார்.

இது ஏன் முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். அந்நாளில் எக்ஸ்றே இல்லை. அது 1895 இல்தான் வந்தது. ஈ.சி.ஜி. இல்லை, ஸ்கான் இல்லை. உடலுக்குள் நடப்பதை அறிய நான்கு வழிகளே இருந்தன: கண்ணால் பார்த்தல், கையால் தொட்டறிதல், விரலால் தட்டிப்பார்த்தல், காதால் கேட்டல். தட்டிப்பார்க்கும் முறையை 1761 இல் வெளியிட்ட அவுன்புறுக்கர் ஒஸ்திரியாவில் விடுதி நடத்திய ஒருவரின் மகன். நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை 1816 இல் பாரிஸில் லெனெக் கண்டுபிடித்தார். இந்த நான்குக்கும் முன்னே ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது நோயாளி சொல்லும் கதை. கதையிலிருந்தும் கையிலிருந்தும் கிடைத்த முடிவு சரியா பிழையா என்பதைப் பிரேத அறையே சொல்லும். ஒஸ்லர் அங்கே தன் பிழைகளைத் தானே தேடிப் பார்த்தார். கண்டதை மறைக்காமல் மாணவர்களுக்குக் காட்டினார். தெளிவாக விளங்கியவை, சந்தேகத்துக்குரியவை, தவறவிட்டவை என்று நோயாளிகளின் குறிப்புகளைப் பிரித்து வைக்கும்படி இளம் வைத்தியர்களுக்கு அறிவுரை கூறினார். மூன்றாவது கட்டைத்தான் அடிக்கடி புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதை எமது அனுபவம் எமக்குக் கற்பித்தது.

கட்டிலருகே ஒரு வகுப்பறை

1884 இல் ஒஸ்லர் பிலடெல்பியாவுக்குச் சென்றார். 1889 இல் பால்ரிமோரில் புதிதாகத் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் தலைமை வைத்தியரானார். அங்கே கழித்த 16 ஆண்டுகளே அவர் வாழ்வின் உச்சம்.

அக்காலத்து வட அமெரிக்காவில் நோயாளியைத் தொடாமலே வைத்தியராகிவிடலாம். மண்டபத்தில் அமர்ந்து விரிவுரை கேட்டு, பரீட்சை எழுதி, பட்டம் வாங்கிக்கொண்டு போனவர்கள் ஏராளம். ஒஸ்லர் வகுப்பை மண்டபத்திலிருந்து விடுதிக்கு மாற்றினார். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் சில கட்டில்கள் ஒதுக்கப்பட்டன. அந்தக் கட்டில்களில் இருப்பவர்களின் கதையைக் கேட்டு எழுதுவதும், உடலைப் பரிசோதிப்பதும், குருதியையும் சிறுநீரையும் தானே சோதிப்பதும், மறுநாள் காலை பேராசிரியர் வரும்போது எல்லாவற்றையும் ஒப்புவிப்பதும் அந்த மாணவரின் கடமை. எமது மருத்துவபீடங்களில் மூன்றாம் ஆண்டில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, நடுங்கும் குரலில் ஹிஸ்ரி எடுக்கப் போகின்றோமே, அந்த வழக்கம் இந்தப் பாரம்பரியத்தில் வந்ததுதான்.

கதை கேட்பது என்றால் என்ன வருத்தம் என்று கேட்டுவிட்டு மருந்து எழுதுவதல்ல. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எது முதலில் தொடங்கியது, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது? எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது? முன்பு என்ன நோய் இருந்தது? பெற்றோருக்கும் சகோதரருக்கும் என்ன? என்ன தொழில், என்ன சாப்பாடு, எங்கே போய் வந்தார்? இந்தக் கேள்விகளுக்கான பதில்களிலேயே பெரும்பாலான நோய்கள் தம்மை அறிவித்துவிடுகின்றன.

ஒஸ்லரின் பெயர் தாங்கிய நோய்களே இதற்குச் சாட்சி. மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வடியும் சிலரைக் கண்ட அவர், அவர்களுடைய தாய், தந்தை, சகோதரர் பற்றி விசாரித்தார். குடும்பத்தில் பலருக்கு அதே தொல்லை. பிறகு உதட்டையும் நாக்கையும் உற்றுப் பார்த்தார். ஊசிமுனை அளவில் சிவந்த புள்ளிகள் இருந்தன. குருதி உறையாத நோய் என்று எளிதில் எண்ணிவிடக்கூடிய ஒன்றை, குருதிக்குழாய்களின் பரம்பரைக் குறைபாடு என்று 1901 இல் பிரித்துக் காட்டினார். இருதய வால்வுகளில் கிருமி தொற்றும் நோயில் விரல்நுனிகளில் நோவோடு எழும் சிறு தடிப்புகளுக்கும் அவர் பெயரே. அவை சில மணி நேரமோ சில நாட்களோ இருந்து மறைந்துவிடும். நாம் பார்க்கும் வேளையில் விரல் வெறுமையாக இருக்கலாம். எனவே நோயாளியிடம் கேட்டால்தான் அது வந்துபோனது தெரியும்.

காய்ச்சலைப் பிரித்தறிதல்

அந்நாளைய பால்ரிமோரில் காய்ச்சல் என்று வந்தவர்களில் பலருக்கு, நெருப்புக் காய்ச்சலையும் மலேரியாவையும் ஒன்றாகக் குழைத்த ஒரு கலப்புப் பெயரை வைத்தியர்கள் சூட்டியிருந்தனர். மலேரியாவின் கிருமியை லவெரான் என்ற பிரெஞ்சுப் படை வைத்தியர் 1880 இல் அல்ஜீரியாவில் கண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்டபோது ஒஸ்லர் முதலில் நம்பவில்லை. சந்தேகத்தை எழுத்திலும் வெளியிட்டார். ஆனால் அதோடு நின்றுவிடாமல், பிலடெல்பியாவில் காய்ச்சல்காரரின் குருதியைத் தானே நாட்கணக்கில் பார்த்தார். கிருமி இருந்தது. தன் சந்தேகம் பிழை என்பதைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். பின்னர் ஹொப்கின்ஸில் குருதியைப் பார்த்தும், காய்ச்சலின் போக்கை நாளுக்கு நாள் வரைந்தும் இரண்டு நோய்களையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார். குளிசையின் பெயரை மாற்றுவதற்கு மட்டும் உதவிய விடயமல்ல இது. கொயினா மலேரியாவைக் குணமாக்கும். நெருப்புக் காய்ச்சலுக்கு அது பயன்படாது.

வடக்கில் வேலை செய்யும் எமக்கு இந்த அத்தியாயம் சொந்த அனுபவம் போன்றது. மழைக்காலத்தில் ஒரே விடுதியில் பத்துப் பேர் காய்ச்சலோடு கிடப்பார்கள். எல்லோருக்கும் தலையிடி, உடம்பு உளைவு. வயலில் இறங்கி வேலை செய்து, கெண்டைக்கால் தசை நோவும் சிவந்த கண்ணும் குறைந்த சிறுநீருமாக வந்தவருக்கு எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அயலில் பலருக்குக் காய்ச்சல், மூன்று நான்கு நாளில் சூடு தணிந்தும் ஆள் சோர்ந்துபோய் வயிறு நோகிறது என்றால் டெங்குவை நினைக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதனால் அண்மையில் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்ற கேள்வி தேவையற்றுப் போய்விடவில்லை, முன்னரைவிட அவசியமாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பற்றைக்காடுகளில் உள்ள சிற்றுண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சலில், கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அது நோகாது. அக்குளிலோ, மார்பின் கீழ் மடிப்பிலோ, தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும். பெண்கள் அதைக் காட்ட மாட்டார்கள். ஆண் வைத்தியர்கள் கேட்கத் தயங்குவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சலோடு இருந்து, சோதனைகளில் எதுவும் பிடிபடாமல் எம்மிடம் வந்த பெண்களைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆறுதலாகப் பரிசோதித்தபோது, அந்தப் பொருக்கைக் கண்டிருக்கிறோம். உரிய மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும்.

பெண்களுக்குத் திறந்த கதவு

திரைச்சீலைக்கு உள்ளே ஒரு பெண் வைத்தியர் நிற்பது இன்று எமக்கு இயல்பாகத் தெரிகிறது. அந்தக் கதையிலும் ஒஸ்லருக்கு ஓர் இடம் உண்டு. அது முழுக்கப் பெருமைக்குரிய இடமல்ல.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறந்து சில ஆண்டுகளாகியும் மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணம் போதவில்லை. மேரி கரெற் என்ற சீமாட்டியும் அவருடைய தோழியரும் நிதி திரட்டினர். தேவையான ஐந்து இலட்சம் டொலரில் மூன்று இலட்சத்துக்கு மேல் மேரி கரெற் தானே கொடுத்தார். ஆண்களுக்கு உள்ள அதே நிபந்தனைகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த கட்டளை. 1893 இல் கல்லூரி தொடங்கியபோது முதல் வகுப்பின் 18 பேரில் மூவர் பெண்கள்.

ஒஸ்லர் அந்த நிபந்தனையை ஏற்றவர்தான். ஆனாலும் பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. 1896 இல் மாணவியாக வந்த டொரதி றீட், தன்னை முதன்முதலில் கண்டபோது வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும்படி ஒஸ்லர் சொன்னதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். டொரதி போகவில்லை. 1900 இல் அவரும் புளோரன்ஸ் சாபின் என்ற அவருடைய தோழியும் உயர்ந்த பெறுபேறுகளோடு வெளியேறி, ஒஸ்லரின் விடுதிகளிலேயே உள்ளகப் பயிற்சி பெற்றனர். ஹொட்ஜ்கின் நோயை உறுதிசெய்யும் கலத்தை 1902 இல் டொரதி றீட் விளக்கினார். அது இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. சாபின் பிற்காலத்தில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்துக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். பெண்களின் திறமையைப் பற்றி ஒஸ்லர் செய்த முதல் நோய்நிர்ணயம் தவறாகிப் போனது. அதைத் திருத்தியவர்கள் அவருடைய மாணவிகளே.

நாம் தவறவிட்ட கதை

1892 இல் ஒஸ்லரின் பாடநூல் வெளிவந்தது. தெளிவான நடையில் எழுதப்பட்ட அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. இந்த நோய்க்கு எம்மிடம் மருந்து இல்லை என்று எழுத அவர் கூசவில்லை. 1897 இல் அதைப் படித்த கேற்ஸ் என்ற மதகுருவுக்கு, மருத்துவம் அறியாதவை எத்தனை என்பது உறைத்தது. அவர் செல்வந்தர் ரொக்பெல்லரின் ஆலோசகர். அவருடைய தூண்டுதலால் 1901 இல் ரொக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் உருவானது.

அதே 1897 இல் நெஞ்சை அடைக்கும் நோவு பற்றிய தன் விரிவுரைகளையும் ஒஸ்லர் நூலாக்கினார். நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ வந்து, ஓய்ந்து நின்றால் தணியும் நோவு இருதயத்தின் நோவு என்பது அவருக்கு முன்பே வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. எமக்கும் தெரிந்திருந்தது. பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தோம்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஒரு வைத்தியசாலையில் நாம் பணியாற்றியபோது, அறுபது வயதளவில் ஓர் அம்மா வந்தார். நீரிழிவு உள்ளவர். நெஞ்சுக்குழியில் எரிவு, வாய்வு என்றார். அன்று வெளியே நீண்ட வரிசை. கிணற்றடியில் நின்றபோது என்று அவர் ஏதோ சொல்லத் தொடங்க, நாம் இடையில் குறுக்கிட்டு, உறைப்புச் சாப்பாடு சாப்பிடுவீர்களா என்று கேட்டோம். ஆமென்றார். இரைப்பை அழற்சி என்று எழுதி, அமிலத்தைத் தணிக்கும் மருந்து கொடுத்து அனுப்பினோம். இரண்டாம் நாள் அதிகாலையில் மகள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மகள் எம்மீது கோபப்படவில்லை. அதுவே இன்றுவரை தாங்க முடியாதது. அழுதபடி தாயின் கடைசி நாட்களைத் தானாகவே சொன்னார். இரண்டு கிழமையாக, தண்ணீர் அள்ளித் தூக்கிக்கொண்டு வரும்போது அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டும். வாளியை வைத்துவிட்டுத் திண்ணையில் இருப்பார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். நோயின் பெயர் அந்தச் சில வசனங்களுக்குள்ளேயே இருந்தது. தாயார் அதைத்தான் எமக்குச் சொல்லத் தொடங்கினார். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இருதய நோவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் நோவாக வராமல், எரிவாகவும் களைப்பாகவும் வேர்வையாகவும் வரலாம் என்பதை நாம் படித்திருந்தோம். அந்த அம்மா பேசி முடிக்க இன்னும் ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

ஒஸ்லர் சொன்ன மூன்றாவது கட்டில் எமது முதற் குறிப்பு இதுதான்.

பீச் பழமும் சிவப்பு அங்கியும்

1905 இல் ஒஸ்லர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியராக இங்கிலாந்துக்குப் போனார். பிரியாவிடை உரையில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களால் பயனில்லை என்ற கருத்தில் அவர் விட்ட பகிடி பத்திரிகைகளில் பெரும் புயலைக் கிளப்பியது. அப்போது அவருடைய தாயாருக்கு 98 வயது. 1906 டிசெம்பரில் அந்த அம்மையார் நூறாவது பிறந்தநாளையும் கண்டு, அடுத்த ஆண்டு கண்மூடினார்.

ஒக்ஸ்போட் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எமது சிறுவர் விடுதித் தோழியர் அடிக்கடி நினைவுகூருவர். குக்கலும் சளியும் முற்றி, எதையும் உண்ண மறுத்த ஒரு சிறுவனைப் பார்க்கும்படி ஒஸ்லரைக் கேட்டார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் வழியில், சிவப்பு நிற அங்கியோடு வந்த அவரைப் பிள்ளை வியந்து பார்த்தது. அவர் பரிசோதனையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, கட்டிலருகே அமர்ந்து ஒரு பீச் பழத்தைத் தோல் சீவி, சீனி தூவி, துண்டு துண்டாக ஊட்டினார். மாயப் பழம் என்றார், பிள்ளை தின்றது. பிழைப்பது அரிது என்று தகப்பனிடம் தனியே சொல்லியிருந்தும், அதன்பின் நாற்பது நாட்கள் தொடர்ந்து வந்தார். ஒவ்வொரு நாளும் அறைக்கு வெளியே அந்த அங்கியை அணிந்துகொண்டே உள்ளே போனார். பிள்ளை தேறியது. அந்த நோய்க்கு அன்று மருந்து இருக்கவில்லை. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதும் நோயறிதலில் ஒரு பகுதிதான்.

அவருடைய சொந்த வீட்டில் துயரம் இருந்தது. 1892 இல் கிறேஸ் அம்மையாரை மணந்தார். முதற்குழந்தை பிறந்து சில நாட்களில் இறந்தது. இரண்டாவது மகன் றெவியர், முதலாம் உலகப்போரில் 1917 ஓகஸ்ட் மாதம் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் எறிகணைக் காயத்துக்குள்ளாகி 21 வயதில் உயிரிழந்தான். தந்தையின் நண்பரான சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் அருகில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளைகளைப் போருக்குப் பறிகொடுத்த தாய்மார் எம்முள்ளும் இருக்கிறார்கள். அந்த மனிதர் அதன்பிறகும் காலையில் எழுந்து விடுதிக்குப் போனார் என்பதன் பாரம் அவர்களுக்கு விளங்கும்.

1919 இலையுதிர் காலத்தில் ஒரு பயணத்தில் பிடித்த தடிமன் நெஞ்சில் இறங்கியது. ஒஸ்லர் படுக்கையில் இருந்தபடியே தன் இருமலையும் காய்ச்சலையும் நெஞ்சுக்குத்தையும் வேறொருவரின் வருத்தத்தைப் போலக் கவனித்து வந்தார். முடிவு என்னவாக இருக்கும் என்பதைச் சூழ்ந்திருந்தவர்களுக்கு முன்னரே கணித்தார். தன் பிரேத பரிசோதனையைப் பார்க்கத் தனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று பகிடியும் விட்டார். நுரையீரலைச் சூழச் சீழ் கட்டி, டிசெம்பர் 29 ஆம் திகதி, 70 ஆவது வயதில் காலமானார். அவருடைய பெருந்தொகையான நூல்கள் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவரது சாம்பலும் அந்த நூல்களிடையே வைக்கப்பட்டிருக்கிறது. ஹார்வி குஷிங் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு 1926 இல் புலிற்சர் பரிசு கிடைத்தது.

எமது சகோதரிகளுக்கும் தங்கைமாருக்கும்

இன்று எம்மிடம் ஸ்கான் இருக்கிறது; ஒரு துளிக் குருதியில் ஐம்பது கணக்குகள் வருகின்றன. அவற்றை நாம் குறைசொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு அன்று ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும். ஆனால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்ற எண்ணம் கதையைக் கேட்டவருக்குத்தான் வரும். எந்தச் சோதனையைச் செய்வது என்பதைச் சோதனை சொல்லித்தராது.

ஆகவே இந்த மலரைப் படிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வைத்தியரிடம் போகும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். நடந்ததைத் தொடங்கிய நாளிலிருந்து ஒழுங்காகச் சொல்லுங்கள். வாய்வு, பித்தம் என்று நீங்களே முடிவெடுத்துச் சொன்னால் அவசரத்தில் இருக்கும் வைத்தியர் அதையே எழுதிவிடுவார். களைப்பு என்று போனால், மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். எம்மிடம் வரும் எத்தனையோ பெண்களின் களைப்புக்குக் காரணம் அங்கே இழக்கும் இரும்புச்சத்துத்தான். இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், உடம்பு மெலிந்ததா, என்ன குளிசை போடுகிறீர்கள் என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். இடையில் குறுக்கிட்டால், பொறுங்கள், இன்னும் சொல்லி முடியவில்லை என்று கூறத் தயங்காதீர்கள். நாமும் ஒரு காலத்தில் உங்கள் பின்வாங்கில் இருந்த பிள்ளைகள்தான்.

மருத்துவபீடத்தைக் கனவுகாணும் தங்கைமாரே, இக்கல்லூரியில் எமக்குக் கற்பித்த ரீச்சர்மார், ஒரு பிள்ளை எழுந்து நின்று திக்கித் திணறிப் பதில் சொல்லும்போது, அவள் முடிக்கும்வரை வகுப்பைப் பேசவிட மாட்டார்கள். அன்று எமக்கு அது அலுப்பாக இருந்தது. விடுதியில் ஒரு கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு அமரும் ஒவ்வொரு நாளும் அந்த வகுப்பறையை நினைத்துக்கொள்கிறோம்.